குண்டூசி குத்தாத வரிசை

ஒருவருக்கு நல்லது செய்துவிட்டு அதை ஊர் முழுக்கச் சொல்லிக் காட்டுகிறவர்களை என்ன செய்வது என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. திட்டவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. செய்தது நல்லதாயிற்றே! மூத்தவள் அந்த ரகம். தன் கொழுந்தன் பெண்டாட்டிக்கு, அதாவது சின்னவளுக்கு, தான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரிலேயே டைப்பிஸ்ட் வேலை வாங்கிக் கொடுத்தாள். கொடுத்தவள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு அந்த வேலையில்தான் வந்து நிற்கும். "இவளா? இவளை நான்தான் அங்க சேத்துவிட்டேன்" என்பாள். குழாய் ரிப்பேர் செய்ய வந்தவனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். சின்னவள் ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டு வந்தால், "நல்லாருக்கே, நம்ம வேலைல வாங்கினதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். சிரிப்பில் விஷம் இருந்ததா இல்லையா என்று சின்னவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தாலாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பாள்.

அண்ணன் தம்பி குடும்பங்கள் இரண்டும் ஒரே வீட்டில்தான். மேல் தளம் மூத்தவளுக்கு, கீழ்த் தளம் சின்னவளுக்கு. மூத்தவளின் புருஷன் நடத்திய கடை படுத்துவிட்டது. அதோடு அவரும் படுத்துவிட்டார். காலையில் நாற்காலி, மதியம் கட்டில், சாயங்காலம் மறுபடி நாற்காலி. பிள்ளை இல்லை. அதனால் மூத்தவளின் சம்பளம்தான் அந்தத் தளத்தில் அடுப்பு எரிய வைத்தது. அவள் வீட்டை விட்டு வெளியே வந்து மனுஷியாக நடமாடுவதற்கும் அந்த வேலைதான் சாக்கு. சின்னவளின் புருஷன் லாரி ஓட்டுபவன், வீட்டில் இருக்கும் நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம். அவளுக்கு மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தை. காலையில் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போய், சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருவாள்.

ஸ்கேன் சென்டரின் பின்பக்கத்தில், ஏசி தண்ணீர் சொட்டும் ஒரு சுவரை ஒட்டி டைப்பிங் அறை. இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், நடுவில் ஒரு பிரிண்டர். டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, பார்த்ததைப் பேசிப் பதிவு செய்வார். இவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு ரிப்போர்ட்டாக அடித்து, பிரிண்ட் எடுத்து, அடுக்கி அனுப்ப வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போடுவார். ஒரு வாக்கியத்துக்கு ஒருமுறை தொண்டையைக் கனைப்பதால் அவருக்கு இவர்கள் வைத்த பெயர் கனைப்பு டாக்டர். அவரைக் கேலி செய்யும்போது மட்டும் ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

மூத்தவளின் விரல்கள் நல்ல வேகம். ஆனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் முதல் எழுத்திலிருந்து அடிப்பாள், அடித்ததை ஒருமுறை படிப்பாள், பிறகுதான் பிரிண்ட். சின்னவள் சேர்ந்த புதிதில் அவளையும் அப்படித்தான் பழக்கினாள். "படிக்காம ஒண்ணும் வெளிய போகக் கூடாது" என்பது அவள் சட்டம்.

ஒருநாள் மதிய இடைவேளையில், போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது, சின்னவள் கண்ணில் அந்த வீடியோ பட்டது. கிளிப்போர்டு மேனேஜர் என்று ஒரு சின்ன சாஃப்ட்வேர். சாதாரணமாகக் கம்ப்யூட்டரில் ஒன்றைக் காப்பி செய்தால், அதற்கு முன்னால் காப்பி செய்தது அடியோடு மறந்துபோகும். இது மறக்காது. காப்பி செய்ததை எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, எண் போட்டு வைத்துக்கொள்ளும். எண்ணைத் தட்டினால் போதும், முழுப் பக்கமும் வந்து பொத்தென்று விழும். யோசித்துப் பார்த்தாள். வருகிற ரிப்போர்ட்டில் முக்கால்வாசி ஒரே மாதிரிதானே. எல்லாம் நார்மல் என்பது ஒன்று. வலது சிறுநீரகத்தில் அடைப்பு, வீக்கம், உடனே சிகிச்சை தேவை என்பது இரண்டு. இடதில் அதே அடைப்பு மூன்று. பித்தப்பைக் கல் நான்கு. இப்படி ஒன்பது ரிப்போர்ட்டைச் சேர்த்துவிட்டால், பெயரையும் வயதையும் மட்டும் அடித்தால் போதும்.

ஒரே ஒரு சூட்சுமம். புதிதாக எதைக் காப்பி செய்தாலும் அது முதல் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு மற்றதை எல்லாம் ஒரு படி கீழே தள்ளிவிடும். ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும். அப்படித் தள்ளாமல் இருக்க, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குண்டூசி மாதிரி ஒரு படம் இருக்கும், அதைத் தட்ட வேண்டும். குண்டூசி குத்திய வரி இடியே விழுந்தாலும் நகராது. சின்னவள் ஒன்பதுக்கும் குத்தினாள்.

அவள் வேலை பறந்தது. மூத்தவள் அன்றைய ரிப்போர்ட் கட்டில் பாதியைத் தாண்டும் முன்னால் சின்னவள் மேசை காலி. மூத்தவளுக்கு முதலில் ஆச்சரியம், பிறகு எரிச்சல், அப்புறம் பயம். என்னடி செய்கிறாய் என்று கேட்டாள். பழகப் பழக வந்துவிட்டது அக்கா என்று சின்னவள் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான். ஆனால் மறைப்பதில் என்ன சுகம் இருந்தது என்று நினைக்கிறீர்கள்! அந்த வேலையில் முதன்முறையாக, மூத்தவள் வாங்கிக் கொடுக்காத ஒன்று அவளிடம் இருந்தது.

மேனேஜர் கண்ணுள்ளவர், அதாவது கடிகாரத்தைப் பார்க்கத் தெரிந்தவர். ஒரு மேசை காலியாகவும் ஒரு மேசை நிரம்பியும் இருப்பதைப் பார்த்தார். அறைக்குள் வந்து நின்றுகொண்டு, இரண்டு பேர் செய்கிற வேலையா இது, மாசக் கடைசியில் ஒருவர் போதுமா என்று பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்கவே வேண்டாம். மூத்தவள் ஹெட்போனைக் கழற்றாமல், ஏற்கெனவே அடித்து முடித்த வரியையே திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவள் கீழே வருவது அபூர்வம்; கூப்பிட்டு அனுப்புவதுதான் வழக்கம். சின்னவள் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மூத்தவள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் சொல்லிக் குடுடி. என்னமோ பண்றே, தெரியும். இந்த வேலையும் போச்சுன்னா நான் நாள் முழுக்க அந்த மனுஷன் முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

சின்னவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வெட்கமில்லாமல் சொல்வதென்றால் நன்றாகவே குளிர்ந்தது. இத்தனை காலம் கொடுக்கிற கையாகவே இருந்த கை இன்று நீட்டிக்கொண்டு நிற்கிறது. நாளைக்குக் காலையில் சீக்கிரம் போகலாம் அக்கா, சொல்லித் தருகிறேன் என்றாள். மனதாரத்தான் சொன்னாள். முழுசாகச் சொல்லித் தர வேண்டும் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தாள்.

மறுநாள் காலையில் அறையில் இவர்கள் இரண்டு பேரும், தரை துடைக்கிற அம்மாவும்தான். சின்னவள் அக்காவின் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேரை ஏற்றினாள். ஒன்பது ரிப்போர்ட்டையும் காப்பி செய்து வரிசைப்படுத்திக் காட்டினாள். ஒன்றைத் தட்டச் சொன்னாள். எல்லாம் நார்மல் என்று ஒரு பக்கம் வந்து விழுந்தது. மூத்தவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். இரண்டைத் தட்டினாள், மூன்றைத் தட்டினாள், குழந்தை பொம்மையை அழுத்துகிற மாதிரி தட்டிக்கொண்டே இருந்தாள். எத்தனை வருஷம் விரலை ஒடித்தேன் என்றாள். சின்னவளுக்கே பாவமாக இருந்தது. இனி குண்டூசி ஒன்றுதான் பாக்கி. மவுஸை நகர்த்தி முதல் வரிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

அப்போதுதான் மூத்தவள் தரை துடைக்கிற அம்மாவின் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? நான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து சேத்துவிட்ட பொண்ணு. இப்ப எனக்கே பாடம் எடுக்குது" என்று பெருமையாகச் சிரித்தாள்.

நாக்குக்கு நரம்பில்லை என்பார்கள். அந்த நாக்கு அந்த ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சின்னவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அவ்வளவுதான் அக்கா, வேறொன்றும் இல்லை என்றாள். பெயரையும் வயதையும் கையால் அடியுங்கள், வேறு எதையும் காப்பி செய்யாதீர்கள் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. கூடவே இன்னொன்றையும் சொன்னாள்: "படிச்சுப் பாக்கவும் வேணாம்கா. படிச்சா திரும்ப லேட்டாயிரும். நம்பர் சரியா இருந்தா உள்ள இருக்கறதும் சரியாத்தான் இருக்கும்."

அவள் நினைத்தது என்னவோ சின்ன விஷயம்தான். ஒருநாள் வரிசை கலையும், அக்கா திருதிருவென்று முழிப்பாள், மேனேஜர் முன்னால் ஒருமுறை அசடு வழிவாள். கொஞ்சம் வாய் அடங்கும். இதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. இந்த மாதிரி கணக்குப் போடுகிறவர்கள் யாரும் இதற்கு மேல் யோசிப்பதில்லை.

மூத்தவள் பிடித்துக்கொண்டாள். ஒன்பது எண்களையும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தாள். மாடிப்படி ஏறும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டே ஏறுவாள். அவள் மேசையும் காலியாக ஆரம்பித்தது. மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாசக் கடைசி வந்தது, போனது, இரண்டு பேரும் இருந்தார்கள். அந்த நாட்களில் மூத்தவள் ஆளே மாறிவிட்டாள். மதியம் தன் டப்பாவிலிருந்து எடுத்து இவள் தட்டில் வைத்தாள். காப்பகத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தபோது, நீ போடி, உன் கட்டையும் நான் முடிக்கிறேன் என்று அனுப்பிவைத்தாள். சொல்லிவிடலாமா என்று சின்னவளுக்கு இரண்டு மூன்று தடவை தோன்றியது. சொன்னால் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே. அந்தக் கேள்விக்குப் பயந்து நாளைத் தள்ளினாள். நாளாக ஆக, சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

ஒருநாள், கூட்டம் நெரிந்த நாள், ஒரு நோயாளியின் பெயர் வாயில் நுழையாத நீளத்துக்கு வந்தது. மூத்தவள் அதைக் கையால் அடித்து இரண்டு தடவை தப்பாகிவிட்டது. காப்பி செய்யத்தான் இப்போது தெரியுமே! முன் மேசைப் பதிவிலிருந்து பெயரைக் காப்பி செய்து ஒட்டினாள். வேலை சுளுவாக முடிந்தது. அந்த ஆளின் ரிப்போர்ட் அபூர்வமானது, வரிசையில் இல்லாதது, அதைக் கையால் அடித்து அனுப்பினாள். அடுத்து வந்தது ஒரு தையல்காரரின் ஸ்கேன். கனைப்பு டாக்டர் காதுக்குள் கனைத்துவிட்டு, வலது சிறுநீரகத்தில் அடைப்பு, வழக்கமான ரிப்போர்ட் போடுங்கள் என்றார். மூத்தவள் இரண்டைத் தட்டினாள். வந்து விழுந்தது பழைய ஒன்று, எல்லாம் நார்மல். அவள் கண் அப்போது அடுத்த பதிவின் மேல் இருந்தது. படிக்கத்தான் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறதே. பிரிண்ட் போட்டாள்.

அதற்கும் அடுத்தது நார்மல் கேஸ். ஒன்றைத் தட்டினாள். ஒரு பக்கம் வர வேண்டிய இடத்தில் அந்த நீளமான பெயர் மட்டும் வந்து உட்கார்ந்தது. மூத்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இங்க வாடி, என்னமோ ஆயிடுச்சு என்று கூப்பிட்டாள்.

சின்னவள் வந்து பின்னால் நின்றாள். வரிசையைத் திறந்து பார்த்தாள். முதல் இடத்தில் ஒரு பெயர், எல்லாம் ஒரு படி இறங்கியிருக்கிறது. பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. பெயரைக் காப்பி செய்ததற்கும் இப்போதைக்கும் நடுவில் ஏதாவது ரிப்போர்ட் போயிருந்தால் அது தப்பாகத்தான் போயிருக்கும். நடுவில் ஒன்று போயிருக்கிறது என்பதும் தெரிந்தது. பிரிண்டர் இன்னும் சூடாக இருந்தது, அந்தக் கட்டு அப்போதுதான் டாக்டர் அறைக்குப் போனது. நடுவில் எதாவது அடிச்சீங்களா அக்கா என்று ஒரு கேள்வி. எழுந்து நாலு எட்டு நடந்தால் டாக்டர் மேசை. அவ்வளவுதான் வேலை. இதை மழுப்பிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அவளுக்குத் தெரியும், தெரிந்தே வாயை மூடிக்கொண்டாள். கேட்டால் ஏன் இப்படி ஆனது என்று அக்கா கேட்பாள், குண்டூசி வெளியே வரும். அந்தப் பெயரை அழித்து, வரிசையைப் பழையபடி ஆக்கிக் கொடுத்துவிட்டு, இனி காப்பி செய்யாதீர்கள் என்று மட்டும் சொன்னாள். நீ இல்லன்னா நான் என்னடி பண்ணுவேன் என்றாள் மூத்தவள்.

கனைப்பு டாக்டர் கட்டு முழுவதற்கும் கையெழுத்துப் போட்டார். படித்தாரா என்று கேட்காதீர்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் படிக்க ஆரம்பித்தால் உலகம் நின்றுவிடும்.

தையல்காரர் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். எல்லாம் நார்மல் என்று எழுதியிருக்கும்போது வலியை யார் மதிப்பார்கள்? வாயு என்றார்கள், குனிந்து தைக்கிறதால் வருகிற இடுப்பு வலி என்றார்கள், மருந்துக்கடை மாத்திரையை விழுங்கிக்கொண்டு தைத்தார். ஒருநாள் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தால் அந்தச் சிறுநீரகம் அழுகிப் போயிருந்தது. எடுத்துப் போட்டார்கள். விஷம் உடம்பெல்லாம் பரவியிருந்ததால் இன்னொன்றும் பழுது. இனி வாரம் தவறாமல் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு கிடக்க வேண்டும் என்றார்கள்.

அவர் பெண்டாட்டி அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு சென்டருக்கு வந்தாள். மேனேஜர் பதிவைத் தேடி எடுத்து டாக்டர் முன்னால் போட்டுக் காட்டினார். கனைப்பும் இருந்தது, அடைப்பும் இருந்தது. நான் சரியாகத்தானே சொல்லியிருக்கிறேன் என்றார் டாக்டர். கீழே இருந்த கையெழுத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மேனேஜர் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு நேராக டைப்பிங் அறைக்கு வந்தார்.

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். வாசலில் நின்று, இரண்டு மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு இதை அடிச்சது?" என்று கேட்டாள்.

சின்னவளின் காதில் ஹெட்போன் இருந்தது. அதில் ஒன்றும் ஓடவில்லை. அதைக் கழற்றாமல், திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூத்தவள் எழுந்து நின்றாள். "நான்தான்" என்றாள். தையல்காரர் பெண்டாட்டி கிட்டே வந்து அவள் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான இருக்கு கை. உனக்கு என் புருஷன் என்ன பாவம் பண்ணாரு?" என்றாள். பிறகு அந்தக் கைகளை விட்டுவிட்டுப் போய்விட்டாள். மூத்தவள் உட்காரவே இல்லை. மேனேஜர் உட்காரச் சொல்லவும் இல்லை.

கணக்கு முடித்துச் சம்பளப் பாக்கியை வாங்கிக்கொள், நாளையிலிருந்து வராதே என்றார் மேனேஜர். எப்படி இந்தத் தப்பு வந்தது என்று கேட்டதற்கு மூத்தவள், இவள் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தாள், என் மண்டையில்தான் ஏறவில்லை என்றாள். சின்னவள் அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு மேனேஜர் சின்னவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, இனி இரண்டு மேசை வேலையும் உன்னுடையதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், மூத்தவள் தன் டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

நினைத்தது நடந்துவிட்டது. நினைத்ததற்கு மேலேயே நடந்துவிட்டது. தையல்காரரின் பெயரைச் சின்னவள் ரிப்போர்ட்டில் தேடிப் பார்க்கவில்லை. பார்த்தால் தூக்கம் போய்விடும் என்று தெரியும். பார்க்காமலும் போனது.

வீட்டில் யாரும் இவளைக் குறை சொல்லவில்லை. லாரியிலிருந்து வந்த புருஷன், அண்ணி இப்போது வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், காப்பகத்துக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும், உன் சம்பளத்தில்தானே இரண்டு தளமும் ஓட வேண்டும் என்றான். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. குழந்தை மாடிக்குப் போனது.

முதலில் சின்னவளுக்கு நிம்மதிதான். காலையில் ஓட்டமில்லை, காய்ச்சல் என்று போன் வருவதில்லை. ஆனால் இரண்டு மேசை வேலை என்பது சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டாலும் இரண்டு மேசை வேலைதான். அதோடு இப்போது அவள் ஒவ்வொன்றையும் மூன்று தடவை படித்தாள். குண்டூசி குத்திய வரியைக்கூட நம்பவில்லை. மிச்சம் பிடித்த நேரமெல்லாம் படிப்பதிலேயே போனது. வீட்டுக்கு வரும்போது குழந்தை குளித்து, சாப்பிட்டு, மூத்தவளின் மடியில் கிடக்கும். பெரியம்மா என்று முழுசாகச் சொல்ல வராத வாய், பின்பாதியை மட்டும் சொல்லப் பழகிக்கொண்டது. அம்மா, அம்மா என்று மூத்தவளின் பின்னாலேயே திரிந்தது. மூத்தவள் திருத்தவில்லை. சின்னவள் தூக்கினால் குழந்தை உடம்பை விறைத்துக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

இன்னொன்று. மூத்தவள் இப்போதெல்லாம் சொல்லிக் காட்டுவதே இல்லை. யார் வந்தாலும் பேசாமல் இருந்தாள். சின்னவளுக்கு அது முதலில் ஆறுதலாக இருந்து, பிறகு பயமாக மாறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடியில் மூத்தவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் உள்ளே கட்டிலில். குழந்தை அவள் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒப்பித்தாள். வேலையை விடப் போகிறேன் அக்கா, குழந்தை என்னை மறந்துவிடும் போலிருக்கிறது என்றாள். மேனேஜரிடம் பேசுகிறேன், தப்பு உங்கள் மேல் மட்டும் இல்லை என்று சொல்கிறேன், நீங்கள் திரும்பப் போங்கள் என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மூத்தவள் குழந்தையின் கவுனை மடித்து மேலே வைத்தாள்.

"என்னன்னு சொல்லுவே? குண்டூசியைப் பத்திச் சொல்லுவியா?"

சின்னவளின் அழுகை அப்படியே நின்றது.

கடைசி நாள், நீ மேனேஜர் ரூமுல இருந்தப்ப உன் கம்ப்யூட்டர்ல உக்காந்து பாத்தேன் என்று மூத்தவள் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, குழந்தை தூங்குகிறதே. உன் வரிசைல எல்லாத்துக்கும் பக்கத்துல ஒரு ஊசி இருந்துச்சு, என்னோடதுல இல்ல. என்னன்னு பாக்க எதையோ காப்பி பண்ணேன். உன்னோடது ஒண்ணும் நகரல. அப்பவே புரிஞ்சுபோச்சு.

"ஊசியைச் சொல்லாம விட்டதைக்கூட மன்னிச்சிருப்பேன். எனக்கும் வாய் நீளம், உனக்கு வலிச்சிருக்கும். ஆனா அன்னிக்கு என் பின்னால வந்து நின்னு அடுக்கிக் குடுத்தியே, அப்பவாவது சொல்லியிருக்கலாம். அந்தத் தையக்காரன் காகிதம் அப்ப டாக்டர் மேசைலதான் இருந்துச்சு. ஓடிப் போய் எடுத்திருப்பேன்."

சின்னவள் தரையைப் பார்த்தாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"மேனேஜர் கிட்டச் சொன்னா உன்னைத் துரத்திடுவாங்க, அவ்வளவுதான். நீ வீட்டோட வந்துருவே. இவளை நீ வெச்சுப்பே." மூத்தவள் குனிந்து குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். "என் வேலையை நீ எடுத்துக்கிட்டே. நல்லா பாரு. தினமும் போ. என்னிக்கு நீ அந்த வேலையை விடறியோ, அன்னிக்கு நான் தையக்காரன் வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லுவேன். உன் புருஷன் கிட்டயும் சொல்லுவேன். அதுக்கப்புறம் இவளை உன் கையில யார் குடுப்பான்னு நீயே யோசிச்சுக்கோ."

பேச்சுச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. கண்ணைக் கசக்கியபடி இரண்டு பேரையும் பார்த்தது. சின்னவள் கையை நீட்டினாள். குழந்தை புரண்டு, எழுந்து, அம்மா என்று மூத்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மூத்தவள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள்.

"கீழ போய் முகத்தைக் கழுவிட்டுச் சாப்பிடு. காலைல சீக்கிரம் கெளம்பணும்ல" என்றாள்.

சின்னவள் எழுந்து படி இறங்கினாள்.